ரெட் போட்டாச்சு... ஃபாலோ எங்கே?

என்ன குட்டீஸ், கேரம் ஆடுவீர்களா? ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்துச் சுட்டிகளிடம் இப்படிக் கேட்டால் சிரித்து விடுவார்கள். 'கடலில் அலை வருமா?' என்று கேட்பது போலத்தான் அது! தெரு முனையில் ஒரு போர்டு, அதன் மேலே ஒரு பல்பு. நாலு பேர் ஆடுவார்கள். நாற்பது பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

இந்த மாதிரி போர்டுகளில் பழகி, உலக மேடை ஏறியவர்கள் உண்டு. சென்னை மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன். அர்ஜுனா விருதும் பெற்றவர். வியாசர்பாடி இளவழகி 2008ல் உலகப் பட்டம் வென்றார். வடசென்னையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்தார். தமிழக அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் பரிசளித்தது.

கேரமில் ஒரு விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நடுவில் இருக்கும் சிவப்புக் காய்தான் 'ரெட்'. அது குழியில் விழுந்ததும் கூட்டம், 'ஹோ' என்று கத்தும். ஆனால், ஆட்டம் தெரிந்த பெரியவர் யாராவது, 'இருப்பா... ஃபாலோ போடட்டும்' என்பார். ரெட் போட்டவர் அதே அடியிலோ, அடுத்த அடியிலோ தன் காய் ஒன்றையும் போட்டாக வேண்டும். தவறினால் ரெட் மறுபடியும் நடு வட்டத்துக்கே வந்து விடும். கணக்கில் சேராது!

இந்த விதியை நம் ஊர் தலைவர்களுக்கும் வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கும்?

'பாலம் கட்டுவோம்', 'ஆற்றைச் சுத்தம் செய்வோம்', 'விளையாட்டுத் திடல் தருவோம்' என்று மேடையில் அறிவிக்கிறார்கள் அல்லவா? அது ரெட். கைதட்டல் பலமாக இருக்கும். வேலை முடிந்து மக்கள் பயன்படுத்துவதுதான் ஃபாலோ. அதைப் பார்க்க யாரும் நிற்பதில்லை. கூட்டம் கலைந்து விடுகிறது.

ரசிகரின் மூளை!

ஒரு சின்ன சோதனை. 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தோனி எத்தனை ரன்? '91, நாட் அவுட்!' சென்னை சூப்பர் கிங்ஸ் ஐ.பி.எல்., கோப்பை வென்ற ஆண்டுகள்? '2010, 2011, 2018, 2021, 2023!'

சபாஷ்! சரி, உங்கள் வார்டு எண் என்ன? கவுன்சிலர் பெயர் என்ன? போன தேர்தலில் அவர் என்ன செய்வதாகச் சொன்னார்?

என்ன, 'கப்சிப்' ஆகி விட்டீர்களா? வெட்கப்பட வேண்டாம். பெரியவர்களில் பலரும் இப்படித்தான். நினைவாற்றல் நம்மிடம் நிறைய இருக்கிறது. அதை இந்தப் பக்கம் திருப்புவதில்லை, அவ்வளவுதான்.

எண்ணூர் ஸ்கோர் ஷீட்!

ஸ்கோர் எழுதி வைப்பதால் என்ன பயன் என்று எண்ணூர் மீனவ மக்களைக் கேட்டால் தெரியும்.

2017 ஜனவரி 28ல், காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கொண்டன. 'எண்ணெய்க் கசிவு இல்லை' என்றுதான் முதலில் துறைமுகத் தரப்பில் சொன்னார்கள். ஆனால், கரையில் கறுப்பாக எண்ணெய் வந்து ஒதுங்கியது. மீனவர்களும், மாணவர்களும், தன்னார்வலர்களும் பக்கெட்டால் அள்ளியதை நாடே டிவியில் பார்த்தது.

2023 டிசம்பரில், 'மிக்ஜாம்' புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் வந்தது. மணலி சிபிசிஎல் ஆலைப் பகுதியிலிருந்து அது வெளியேறியதாக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் கலந்தது. கூழைக்கடா பறவைகளின் வெள்ளைச் சிறகெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. படகு, வலை எல்லாம் பாழ். அதே மாதம் 26ம் தேதி இரவு, பெரியகுப்பத்தில் உர ஆலைக்குச் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்தில் இருந்த மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு ஓடினார்கள்.

எண்ணெயால் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு அரசு 12,500 ரூபாயும், படகுகளுக்கு 10,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. அது தேவையான உதவி. ஆனால், 'இனி எண்ணெய் வராமல் இருக்க என்ன செய்தீர்கள்?' என்பது வேறு கேள்வி. நிவாரணத்துக்கான காயைப் போட்டு, அந்தக் கேள்விக்கான ஃபாலோ கணக்கை முடிக்க முடியாது இல்லையா?

இன்னொரு விஷயம். 1996ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர வரைபடத்தில், எண்ணூர் கழிமுகத்தின் சுமார் 6,500 ஏக்கர் பகுதி, எந்தக் கட்டடமும் கட்டக் கூடாத இடம் என்று இருந்தது. பின்னால் வந்த ஒரு வரைபடத்தில் அந்தக் கழிமுகத்தையே காணோம்! ஆறு எங்கே போகும்? தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் பழைய வரைபடத்தைக் கேட்டு வாங்கிய பிறகு, 2017ல் இந்தக் குளறுபடி ஊருக்குத் தெரிந்தது. பழைய ஸ்கோர் ஷீட்டைப் பத்திரமாக வைத்திருப்பவரிடம் யாரும் ஸ்கோரை மாற்றிச் சொல்ல முடியாது!

யார் எந்த இடத்தில் ஆடுகிறார்?

கோல் கீப்பரைப் பிடித்து, 'ஏன் கோல் போடவில்லை?' என்று கேட்க மாட்டோம். அதுபோல, யாரிடம் எதைக் கேட்பது என்று தெரிய வேண்டும்.

கவுன்சிலர்: தெரு விளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், பூங்கா. சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். திருவொற்றியூர் முதலில் தனி நகராட்சியாக இருந்தது. 2011ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது.

எம்.எல்.ஏ.,: மாநில அரசின் பள்ளி, மருத்துவமனை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பற்றிச் சட்டசபையில் கேள்வி கேட்பார். தொகுதி மேம்பாட்டுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் நிதி உண்டு.

எம்.பி.,: துறைமுகம், ரயில்வே, மத்திய அரசு ஆலைகள் பற்றிப் பார்லிமென்டில் கேட்பார். இவருக்கான தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி.

நம்ம டீம் தப்பு செய்தால்?

ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் ஃபைன். அண்ணன் ஆடினாலும் சரி, எதிர் வீட்டுப் பையன் ஆடினாலும் சரி, ஒரு காயைத் திருப்பி வைக்கத்தான் வேண்டும். 'எங்க அண்ணன், அதனால் விட்டுடு' என்றால் ஆட்டம் கெட்டு விடும்.

கட்சிக்கும் இதேதான். வீட்டில் அப்பாவுக்கு ஒரு கட்சி பிடிக்கும். தாத்தாவுக்கு வேறு கட்சி பிடிக்கும். பிடித்து விட்டுப் போகட்டும்! ஸ்கோர் எழுதும்போது மட்டும் கை நடுங்கக் கூடாது. செய்ததற்கு 'டிக்' போட வேண்டும். செய்யாததற்கு 'பெருக்கல்' போட வேண்டும்.

ரேஷ்ஃபோர்டு விடவில்லை!

இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு விளையாட்டு வீரர் ஃபாலோவை விடாமல் கேட்டார். அவர், 2020ல் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு ஆடிய கால்பந்து வீரர் மார்கஸ் ரேஷ்ஃபோர்டு. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியிருந்தன. ஏழைக் குழந்தைகளுக்குக் கோடை விடுமுறையில் இலவச உணவு உதவி கிடையாது என்றது அந்த நாட்டு அரசு. 2020 ஜூன் 15ல் ரேஷ்ஃபோர்டு எம்.பி.,க்களுக்குத் திறந்த கடிதம் எழுதினார். அடுத்த நாளே அரசு மனம் மாறியது. அவர் கோல் போடுவதைக் கண்டு கை தட்டியவர்கள், அன்று அவரது கேள்விக்கும் கை தட்டினார்கள்.

அத்தோடு அவர் வீட்டுக்குப் போய் விடவில்லை. அக்டோபரில் அடுத்த விடுமுறைகளுக்கும் கேட்டார். பார்லிமென்ட் மறுத்தது. பத்து லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்திட்டார்கள். நவம்பரில் அரசு மறுபடியும் இறங்கி வந்தது. அப்போது ரேஷ்ஃபோர்டுக்கு வயது 23தான்!

உங்கள் ஸ்கோர் நோட்டு!

நமக்கு ஓட்டு இல்லையே என்கிறீர்களா? ஓட்டுப் போட 18 வயது ஆக வேண்டும். ஸ்கோர் எழுத வயது வரம்பே கிடையாது. ஒரு நோட்டில் நாலு கட்டம் போடுங்கள்: யார் சொன்னார், என்ன சொன்னார், என்று சொன்னார், என்ன நடந்தது.

முதல் வரியை நாங்களே தருகிறோம். 'வடசென்னை வளர்ச்சித் திட்டம்'. 2023 மார்ச் பட்ஜெட்டில், மூன்று ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். 2024 மார்ச் 14ல் தொடங்கியபோது, 4,181 கோடி என்றார்கள். இதில் உங்கள் பகுதிக்கு என்ன வந்தது? பள்ளிக் கட்டடமா, நூலகமா, பஸ் நிலையமா? நடந்து போய்ப் பாருங்கள். முடிந்திருந்தால் டிக், பாதியில் நின்றால் அதையும் எழுதுங்கள்.

தெருவில் விளக்கு எரியவில்லையா? பெரியவர்களைக் கொண்டு மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். புகார் எண்ணையும், தேதியையும் குறித்துக் கொள்ளுங்கள்.

பதில் இல்லையென்றால், தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் கேள்வி அனுப்பினால், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். லக்னோவைச் சேர்ந்த பள்ளி மாணவி ஒருவர், 'காந்திஜிக்குத் தேசத் தந்தை பட்டம் தந்தது யார்?' என்று இந்தச் சட்டத்தில் 2012ல் கேட்டார். அப்படி ஓர் ஆவணம் இல்லை என்று அரசே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது!

அடுத்த முறை யாராவது மேடை ஏறி, ஆறு மாதத்தில் அதைச் செய்வேன், இதைச் செய்வேன் என்றால், கை தட்டுங்கள் குட்டீஸ், தப்பில்லை. தட்டி முடித்ததும் நோட்டைத் திறந்து தேதியை எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து, 'ரெட் போட்டாச்சு சார்... ஃபாலோ எங்கே?' என்று மரியாதையாகக் கேளுங்கள்!