எச்சரிக்கை கடைவீதி வரை வந்து சேர வேண்டும்

ஐப்பசி பிறந்துவிட்டால் வணிகருக்கு இரண்டு கவலைகள். ஒன்று தீபாவளிக் கொள்முதல், மற்றொன்று மழை. ஆண்டிலேயே அதிகமாகச் சரக்கு நிற்கும் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்கள்தாம் நம் மாநிலத்தில் வடகிழக்குப் பருவமழைக்கும் புயலுக்கும் உரிய மாதங்கள். கடன் வாங்கிக் கொள்முதல் செய்த அரிசி, சர்க்கரை, துணி, காகிதம் எல்லாம் தரைத்தளக் கிடங்கில் இருக்கும். இரவில் அதே கிடங்கில் இரண்டு தொழிலாளர்களும் படுத்திருப்பார்கள். ஆகவே, வானிலைத் துறைக்குத் தெரிந்த செய்தி நம் கடைக்கு எப்படி வருகிறது, எந்த இடத்தில் தங்கிவிடுகிறது என்று அறிந்துகொள்வது கணக்கு எழுதுவதைப் போலவே நம் தொழிலுக்கு அவசியமானது.

தகவல் இருந்தது, வழி இல்லை

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை 6.29 மணிக்கு. நாகப்பட்டினம் கரையை அலை தாக்கியது அதற்கு 2 மணி நேரத்துக்குப் பிறகே. ஹவாய் தீவிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் 15 நிமிடங்களில் நிலநடுக்கத்தை அறிந்து பசிபிக் நாடுகளுக்குத் தகவல் அனுப்பிவிட்டது. இந்தியப் பெருங்கடல் கரைகளுக்கு அவ்வாறு சொல்ல அன்று எந்த ஏற்பாடும் இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர்.

அதே நாளில் புதுவையை அடுத்த நல்லவாடு கிராமம் தப்பித்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் செய்தி சொன்னார். கடல் நிலவரத்தை மீனவர்களுக்கு அன்றாடம் அறிவிக்க, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு அமைந்த தகவல் மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. அதில் உடனே அறிவித்தார்கள். மக்கள் ஓடித் தப்பினர். தினமும் பேசிய ஒலிபெருக்கி என்பதால் அது பேசியதும் ஊர் நம்பியது. இது நாம் மனத்தில் வைக்க வேண்டிய பாடம்.

இன்றைய சங்கிலி

அதன் பிறகு ஏற்பாடுகள் பெருகியுள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ல் வந்தது. ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007-ல் தொடங்கியது. மழைக்கும் புயலுக்கும் சென்னை நுங்கம்பாக்கத்திலுள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் பொறுப்பு. அங்கிருந்து செய்தி சேப்பாக்கம் எழிலகத்திலுள்ள மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையத்துக்கும், மாவட்ட ஆட்சியர்களுக்கும், வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்கும் செல்கிறது.

புயல் என்றால் அறிவிப்பு நான்கு கட்டங்களில் வரும். கரையோர மாவட்டங்களுக்கு 72 மணி நேரத்துக்கு முன் முதல் தகவல், 48 மணி முன் இரண்டாவது, 24 மணி முன் மூன்றாவது, 12 மணி முன் கரை கடந்த பின் உள்மாவட்டங்கள் என்னவாகும் என்ற தகவல். மழைக்கு நிறங்கள். மஞ்சள் என்றால் கவனமாக இரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகு. சிவப்பு என்றால் செயலில் இறங்கு. 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்வதே அதிகனமழை எனப்படுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்றால் அதன் கொடுமை புரியும்.

தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதியில்லை. ஆனால் வானிலையையும், இயற்கைச் சீற்றம் பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்புகளையும் சொல்லலாம் என்று 2011-ஆம் ஆண்டுக் கொள்கை இடம் தந்தது. கைபேசி கோபுரம் வழியாக ஒரு பகுதியிலுள்ள எல்லாப் பேசிகளையும் ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யும் முறையும் 2023-ல் சோதிக்கப்பட்டது. கருவிகளுக்குக் குறைவில்லை. அவை எல்லாம் ஒரே சொல்லைச் சொல்கின்றனவா என்பதே கேள்வி.

எத்தனை கன அடி? எந்தத் தெரு?

ஃபெஞ்சல் புயலை அடுத்து 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் ஊர்கள் மூழ்கின. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. உரிய முன்னறிவிப்பு இல்லை என்றன எதிர்க்கட்சிகள். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். 1.68 லட்சம் கன அடி என்பது விநாடிக்கு ஏறத்தாழ 47 லட்சம் லிட்டர் என்று பொறியாளருக்குத் தெரியும். மளிகைக்கடைக்காரருக்குத் தெரிய வேண்டியது வேறு. தண்ணீர் எந்தத் தெரு வரை வரும், எத்தனை மணிக்கு வரும், எத்தனை அடி நிற்கும், மூட்டைகளை ஏற்றுவதா, ஆட்களை வெளியேற்றுவதா? இந்த நான்கும் இல்லாத அறிவிப்பு, விலையும் எடையும் போடாத பில்லைப் போன்றது.

அமெரிக்க மாநிலங்களின் ஏற்பாடு

ஒலிபரப்பாளர்களையும் அரசுத் துறைகளையும் ஒரே ஏட்டில் சேர்ப்பதற்கு அமெரிக்காவில் 1997 முதல் ஒரு முறை நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு மாநிலத்திலும் வானொலி, தொலைக்காட்சிக்காரர்களும் அவசரகால அதிகாரிகளும் அடங்கிய குழு திட்டம் எழுதுகிறது. எச்சரிக்கை விட யாருக்கு அதிகாரம், எந்த நிலையம் முதலில் சொல்லும், மற்றவை யாரைக் கேட்டுச் சொல்லும் என எல்லாம் அதில் இருக்கும். ஒரு வழி அடைபட்டாலும் மறுவழி திறந்திருக்க, ஒவ்வொரு நிலையமும் குறைந்தது இரண்டு இடங்களைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். வாரந்தோறும், மாதந்தோறும் சோதனை ஒலிபரப்பு கட்டாயம்.

அங்கும் பிழை நேர்ந்தது. 2018 ஜனவரி 13 காலை 8.07 மணிக்கு ஹவாய் மாநிலம் முழுவதும் ஏவுகணை வருவதாகக் கைபேசியிலும் தொலைக்காட்சியிலும் அறிவிப்பு வந்தது. ஒத்திகையை உண்மை என்று எண்ணிய ஊழியர் அனுப்பிய செய்தி அது. தவறு என்று கைபேசிகளுக்குத் திருத்தம் போய்ச் சேர 38 நிமிடங்கள் ஆயின. காரணம், திருத்தச் செய்தி முன்கூட்டியே எழுதி வைக்கப்படவில்லை. பொய் எச்சரிக்கையால் ஒருநாள் கடையடைப்பு நேர்ந்தால் நஷ்டம் நமக்குத்தான்; மறுமுறை உண்மை எச்சரிக்கை வரும்போது யாரும் நம்பாமல் போவது அதைவிடப் பெரிய நஷ்டம். எனவே எச்சரிக்கை போகும் பாதையிலேயே அதன் ரத்தும் போக வேண்டும்.

நம் சங்கங்கள் செய்யக்கூடியவை

கடைவீதி ஊரின் காது. காலையில் கதவு திறப்பதும் இரவில் கடைசியாக விளக்கணைப்பதும் நாம்தான். ஆகவே இச்சங்கிலியில் நம்மையும் ஒரு கண்ணியாகச் சேர்க்கும்படி நாமே கேட்க வேண்டும்.

1. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பேரிடர் மேலாண்மைத் திட்டம் உண்டு. அதில் வணிகர் சங்கத்தின் மூன்று பொறுப்பாளர்களின் பெயரும் எண்ணும் இடம்பெற ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். ஒருவர் வெளியூர் போனாலும் மற்றவர் இருப்பார்.

2. கடைவீதிக்கு ஒரு பேட்டரி வானொலியும், பேட்டரியில் இயங்கும் ஒலிபெருக்கியும் வாங்கி வைக்க வேண்டும். 2015 வெள்ளத்தில் சென்னையிலும், 2016 வர்தா புயலிலும், 2018 கஜா புயலில் டெல்டாவிலும் மின்சாரமும் கைபேசியும் ஒருங்கே போயின. அப்போது கைகொடுக்கக்கூடியது வானொலிதான்.

3. மாதந்தோறும் சங்கக் கூட்ட நாளில் அந்த ஒலிபெருக்கியைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

4. நிறத்தைச் செயலாக மாற்றிக் கல்லாப்பெட்டி அருகே எழுதி ஒட்டுங்கள். ஆரஞ்சு என்றால் கீழ் அடுக்கு மூட்டைகள் மேலே. கணக்குப் புத்தகமும் காப்பீட்டுப் பத்திரமும் மாடிக்கு. சிவப்பு என்றால் மெயின் சுவிட்ச் அணைத்து, கிடங்கில் தங்கும் ஆட்களை மேடான இடத்துக்கு அனுப்புதல்.

5. கிடங்கில் இரவு தங்குவோர் பெயர்ப் பட்டியலும், மாற்றுச் சாவி யாரிடம் என்பதும் சங்க அலுவலகத்தில் இருக்கட்டும். சரக்கைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

6. வாய்வழி வந்ததையும் கைபேசியில் வந்ததையும் அப்படியே பரப்ப வேண்டாம். மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077. கேட்டறிந்த பிறகே ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும்.

அரசிடமும் ஒலிபரப்பு நிலையங்களிடமும் நாம் வைக்கும் கோரிக்கை ஒன்றே. எல்லா நிலையங்களும் ஒரே வாசகத்தை, ஊர்ப்பெயரோடும் நேரத்தோடும், எளிய தமிழில் சொல்லட்டும். அதைக் கேட்டுக் கடைவீதியின் கடைசிக் கடை வரை கொண்டுசேர்க்கும் பொறுப்பை நாம் ஏற்போம். அடுத்த மழைக்கு முன் ஒவ்வொரு கிளைச் சங்கமும் இதற்கான தீர்மானத்தை நிறைவேற்றி அனுப்பிவைக்குமாறு வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.