சுவரில் ஒரு கரிசல் காடு

மார்கழி பாதி தாண்டினால் எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடையில் காலண்டர் வந்துவிடும். வருஷம் முழுக்கச் சரக்கு வாங்கியதற்கு அங்கே ஒன்று, அப்பா உரம் வாங்கிய கடையில் ஒன்று, வட்டிக்கு நகை வைத்த இடத்தில் ஒன்று. சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுத் தருவார்கள். விரித்தால் அச்சு மை வாசம் குப்பென்று வரும். மேலும் கீழும் தகரப்பட்டி. பிடிக்கத் தெரியாமல் பிடித்தால் விரலைக் கிழித்துவிடும். பழைய ஆணியில் அதை மாட்டிய பிறகுதான் வீட்டுக்குப் புது வருஷம்.

படத்தில் முருகனோ லட்சுமியோ முன்னால் நிற்பார்கள். என் கண் பின்னால் போய்விடும். பனி மூடிய மலை, அன்னம் நீந்தும் குளம், பச்சைச் சரிவில் விழும் அருவி. கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டில் வளர்ந்த பையன் நான். காடு என்றால் எங்கள் பக்கம் மரமடர்ந்த வனமில்லை, மானாவாரி நிலம். மேடு பள்ளம் இல்லாமல் விரிந்து கிடக்கும். அங்கங்கே பனை, உடைமரம், அவ்வளவுதான். அந்த அருவி எந்த ஊரில் இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அது எங்கிருந்து வந்தது என்பதைப் பெரியவனான பிறகுதான் தெரிந்துகொண்டேன். சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி வந்தவர், 1940களில் கம்பெனியோடு கோவில்பட்டி வந்து அங்கேயே தங்கிவிட்டார். தர்பார், வனம், தெரு என்று சீன் எழுதிப் பழகிய கை, சாமி படம் எழுதும்போதும் பின்னால் ஒரு திரையைத் தொங்கவிட்டது. டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். ஒரு மணி நேரப் பயணத்தில் சிவகாசி. அங்கே அச்சானது தமிழ்நாட்டுச் சுவர்களுக்குப் போனது. வெக்கை அடிக்கும் ஊரில் உட்கார்ந்து அவர்கள் குளிர்ந்த மலையை எழுதினார்கள். தண்ணீருக்கு ஏங்கும் மண்ணின் ஆசை அது என்றுதான் இன்றும் நான் நினைக்கிறேன்.

லித்தோ காலத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தகடு. மூலப்படத்தைப் பார்த்து, நிறம் பிரித்து, தகட்டில் புள்ளி புள்ளியாகக் கையால் வைக்கவே ஆட்கள் இருந்தார்கள். ஆக, ஒரு முருகன் கன்னத்தின் சிவப்புக்குள் இரண்டு மூன்று பேருடைய கை இருந்தது. பிறகு ஆப்செட் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. சிவகாசியில் இன்றும் ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டுத்தான் புது காலண்டர் ஆல்பத்தை எடுக்கிறார்கள். தொழில் நிற்கவில்லை. படம்தான் மாறிவிட்டது. சாமி ஒரு பக்கமிருந்து வருகிறது, மலை இன்னொரு பக்கமிருந்து வருகிறது, இரண்டையும் திரையில் ஒட்டிவிடுகிறார்கள். கையால் எழுதிய படத்தில் அருவிக்கும் சாமிக்கும் ஒரே சூரியன். இப்போது முகத்தில் ஒரு வெயில், மலையில் வேறொரு வெயில். எத்தனை துல்லியமாக அச்சடித்தாலும் அந்தப் பொருத்தமின்மை எனக்கு உறுத்துகிறது.

ஆறு வருஷமாக நானே காலண்டர் எழுதுகிறேன். ஆடிப்பெருக்கன்று தொடங்கினால் மார்கழிக்குள் நாலு காலண்டர், 48 ஏடு. அச்சு கிடையாது, தேதிக் கட்டம்கூடக் கையால்தான். அம்மாவுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, சிநேகிதர்களுக்கு இரண்டு. பன்னிரண்டு ஏட்டிலும் எங்கள் காட்டு வரப்பில் ஒரே இடத்தில் நின்று பார்த்த காட்சி. ஆடியில் காற்று தூக்கும் புழுதி, புரட்டாசி விதைப்பு, கார்த்திகை மழையில் கணுக்கால் வரை அப்பும் மண், தையில் உளுந்து அறுப்பு.

முதல் வருஷம் அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, “என்னய்யா, சாமி இல்லாத காலண்டரா?” என்றாள். பேசாமல் நின்றேன். திரும்பவும் புரட்டினாள். “நம்ம காடுதானா இது? அப்ப காத்தாடிய எங்க?”

கயத்தாற்றுப் பக்கம் நட்ட காற்றாலைகள் எங்கள் காட்டிலிருந்து பார்த்தால் வரிசையாகத் தெரியும். நான் வேண்டுமென்றே விட்டிருந்தேன். சின்ன வயதில் பார்த்த காட்டை எழுதவேண்டும் என்ற ஆசை. பருத்தி வெடித்து வெள்ளையாய் நின்ற காட்டில் இப்போது மக்காச்சோளம். அதையும் பருத்தியாகவே எழுதியிருந்தேன். அம்மாவோ அந்தக் காத்தாடிகளைப் பார்த்தபடிதான் தினமும் களை எடுக்கப் போகிறாள். அடுத்த வருஷத்திலிருந்து காற்றாலையும் மக்காச்சோளமும் ஏட்டுக்குள் வந்துவிட்டன. பருத்தியை மாசி ஏட்டில் ஓரமாய் ஒரு குறுக்கத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். இன்னும் ஒருத்தர் போடுகிறார்.

மண்ணின் நிறம்தான் என்னைப் படுத்தி எடுத்தது. டியூபிலிருந்து கறுப்பை எடுத்துப் பூசினால் தார் ரோடு மாதிரி இருந்தது. கரிசல் வெறும் கறுப்பு இல்லை. காய்ந்தால் சாம்பல் பூத்து நிற்கும், நனைந்தால் உள்ளே ஒரு ஊதா ஓடும். கடைசியில் மண்ணையே எடுத்தேன். கட்டியை உடைத்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, அடியில் தங்கிய வண்டலோடு கருவேலம் பிசினைக் கலந்து பூசினேன். ஈரத்தில் அசல் கரிசலே தாளில் கிடந்தது. காலையில் பார்த்தால் படம் முழுக்க வெடிப்பு! தண்ணீர் குடித்தால் உப்புவதும் காய்ந்தால் சுருங்குவதும் அந்தக் களிமண்ணின் குணம். கோடையில் காட்டில் கை நுழையும் அளவுக்குப் பிளப்பதும் அதனால்தான். பிசினைக் கூட்டினால் வெடிக்கவில்லை, ஆனால் எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்கியது. நாலைந்து நாள் கலந்து பார்த்து, ஈரமுள்ள மாதங்களுக்குப் பிசின் கூட, கோடைக்குப் பிசின் குறைய என்று அளவு பிடித்தேன். சித்திரை ஏட்டை மட்டும் வெடிக்க விட்டுவிடுவேன்.

அது சுவரில் இருக்கும் மாதம் முழுக்கக் காற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். அம்மா தினமும் காலையில் காலண்டருக்குக் கீழே கூட்டி, அந்தச் சிட்டிகை மண்ணைக் குப்பையில் போடாமல் வாசல் துளசித் தொட்டியில் தட்டிவிட்டு வருகிறாள்.