ஒரு பெட்டி, ஒரு விளக்கு, பல நிழல்கள்

கணினியில் முப்பரிமாணப் படம் (நீளம், அகலம், ஆழம் மூன்றும் உள்ளதுபோல் தெரியும் படம்) செய்து பழகுகிறவர்களுக்குத் தொடக்கத்தில் ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். மேசை, அதன்மேல் ஒரு டம்ளர், பக்கத்தில் ஜன்னல் என்று எல்லாவற்றையும் அளவு பிசகாமல் செய்திருப்பீர்கள். படமாக்கிப் பார்த்தால் பொம்மைக் கடை மாதிரி இருக்கும். பொருள்களில் குறை இருக்காது. வெளிச்சத்தில் இருக்கும். இன்னும் சரியாகச் சொன்னால் நிழலில்.

இதைச் சரிசெய்ய நிறைய விளக்கு வைக்க வேண்டும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆறு விளக்கு வைத்தேன். ஆறு திசையிலும் நிழல் விழுந்து, கோழி நடந்த தரை மாதிரி ஆயிற்று. ஒரே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது அதன் பிறகு வந்த புத்தி.

எந்த மென்பொருள்? செலவு எவ்வளவு?

பிளெண்டர் போதும், செலவு இல்லை. அதை உருவாக்கிய டோன் ரோசன்டால், 2002-ல் பயனர்களிடமிருந்தே 1,00,000 யூரோ திரட்டி, அதன் மூலநிரலை (மென்பொருளின் உள்ளே இருக்கும் கட்டளைகளை) எல்லோருக்கும் திறந்துவிட்டார். இலவசம் என்றால் மட்டமாக இருக்குமோ என்று கேட்பீர்கள். 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் 'ஃப்ளோ', பிளெண்டரில் செய்யப்பட்டதுதான்.

எங்கே தொடங்குவது?

திறந்ததும் திரையில் ஒரு பெட்டி, ஒரு கேமரா, ஒரு விளக்கு இருக்கும். பெட்டியை அழித்துவிட்டு வேலையைத் தொடங்குவது பலருக்குப் பழக்கம். நீங்கள் அழிக்க வேண்டாம், நமக்கு அது போதும். தரைதான் இல்லை. நிழல் விழ இடம் வேண்டாமா? 'ஆட்' பட்டியலில் 'மெஷ்', அதற்குள் 'பிளேன்' என்பதை எடுங்கள். அது 2 மீட்டர் சதுரம் மட்டுமே. 'எஸ்' விசையை அழுத்தி 10 என்று தட்டி என்டர் கொடுத்தால் பத்து மடங்கு விரியும்.

இப்போது பெட்டி பாதி தரைக்குள் புதைந்திருக்கும். பயப்படாதீர்கள். பெட்டியின் நடுப்புள்ளி தரை மட்டத்தில் இருப்பதால் அப்படி. பெட்டியைத் தேர்ந்து 'ஜி', 'இசட்', '1' என்று வரிசையாக அழுத்தி என்டர் கொடுங்கள். ஒரு மீட்டர் மேலே ஏறித் தரையில் உட்கார்ந்துவிடும்.

கடைசியாக ஒரு திருட்டு வெளிச்சத்தை அணைக்க வேண்டும். பிளெண்டர் சுற்றுப்புறத்துக்கு ஒரு மங்கலான சாம்பல் நிறத்தைத் தானாகவே கொடுத்திருக்கும். அதுவும் விளக்குபோல வேலை செய்து நிழலை வெளுக்க வைக்கும். வலது பக்கத்தில் 'வேர்ல்டு' பகுதிக்குப் போய் அந்த நிறத்தைக் கறுப்பாக்குங்கள். இதைச் செய்யாமல் சோதனை செய்தால் எது விளக்கின் வேலை, எது சுற்றுப்புறத்தின் வேலை என்று பிரித்தறிய முடியாது.

நிழல் எங்கே விழும் என்பது கணினிக்கு எப்படித் தெரியும்?

இரண்டு வழி. ஒன்று, கேமராவிலிருந்து ஒரு கற்பனைக் கோட்டைப் பின்னோக்கி அனுப்புவது. கோடு ஒரு பொருளில் முட்டியதும், அந்த இடத்திலிருந்து விளக்கு தெரிகிறதா என்று பார்ப்பது. நடுவில் ஏதாவது மறைத்தால் அது நிழல். பெல் ஆய்வகத்தில் இருந்த டர்னர் விட்டெட் 1980-ல் வெளியிட்ட கட்டுரை இந்த வழியைக் கண்ணாடிப் பிரதிபலிப்புக்கும் ஒளிவிலகலுக்கும் நீட்டியது. ஒரே ஒரு படத்துக்கு அப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிளெண்டரில் 'சைக்கிள்ஸ்' என்ற பெயரில் இருப்பது இந்த வழியின் வளர்ந்த பிள்ளை.

மற்றது குறுக்குவழி. விளக்கு இருக்கும் இடத்தில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தால், அந்தக் கண்ணுக்குத் தெரியாத இடமெல்லாம் நிழல்தானே? 1978-ல் லான்ஸ் வில்லியம்ஸ் சொன்ன யோசனை இது. பிளெண்டரின் 'ஈவீ' இந்த வழியைச் சேர்ந்தது. 'ஃப்ளோ' படத்தைக்கூட ஈவீயில்தான் படமாக்கினார்கள்.

உங்களுக்கு எது? பழைய மடிக்கணினி என்றால் ஈவீ, கண்மூடித் திறப்பதற்குள் படம் வரும். இந்தச் சோதனைகளுக்கு மட்டும் முடிந்தால் சைக்கிள்ஸ் வையுங்கள், அதன் நிழல் இயற்கைக்கு அருகில் இருக்கும். படம் புள்ளி புள்ளியாக, மணல் தூவியதுபோல் வந்தால் பழுது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை கோடு அனுப்புவது என்ற எண்ணிக்கை ('சாம்பிள்ஸ்') போதவில்லை என்று பொருள். அந்த எண்ணை நாலு மடங்காக்கினால்தான் மணல் பாதியாகும். அதனால் எண்ணை ஏற்றிக்கொண்டே போகாமல், 4096 என்று இருப்பதை 128 ஆக்கி, 'டீநாய்ஸ்' (மணலைத் துடைப்பது) என்ற கட்டத்தை டிக் செய்துகொள்ளுங்கள். கணினியும் கொதிக்காது.

நிழலின் ஓரம் ஏன் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறது?

படம் பொய்யாகத் தெரிவதற்கு முக்கியமான காரணம் இதுதான் என்பேன். விளக்கைத் தேர்ந்து அதன் 'ரேடியஸ்' (விளக்கின் ஆரம்) எவ்வளவு என்று பாருங்கள், 0.1 மீட்டர் இருக்கும். அதைச் சுழியாக்கி 'எஃப்12' (படமாக்கும் விசை) அழுத்துங்கள். நிழலின் ஓரம் காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோல் வரும். இப்போது 2 ஆக்குங்கள். நிழல் கரைந்து மெத்தென்று ஆகிவிடும். வாட் அளவைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மாறியது விளக்கின் உடம்பு மட்டும்.

பள்ளிக்கூடத்தில் படித்த கருநிழலும் புறநிழலும்தான் இது. விளக்கு முழுவதும் மறைந்த இடம் கருநிழல், ஒரு பகுதி மட்டும் மறைந்த இடம் புறநிழல். விளக்கு பெரிதாகப் பெரிதாகப் புறநிழல் அகலும்.

நம்பிக்கை வரவில்லையா? வீட்டில் பழைய டியூப்லைட் இருந்தால் அதன் கீழே ஒரு பென்சிலைச் சுவரிலிருந்தோ மேசையிலிருந்தோ ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். பென்சிலைக் குழலுக்கு இணையாகப் பிடித்தால் நிழல் தெளிவாக விழும். குறுக்கே திருப்பினால் நிழல் மங்கிக் காணாமலே போய்விடும். அதே விளக்கு, அதே பென்சில். இணையாகப் பிடிக்கும்போது பென்சிலுக்கு விளக்கு ஒல்லியாகத் தெரிகிறது, குறுக்கே பிடிக்கும்போது நாலடி நீளமாகத் தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் சூரியன்? அத்தனை பெரியதாயிற்றே என்பீர்கள். பெரியதுதான், ஆனால் தொலைவில் இருப்பதால் நம் கண்ணுக்கு ஏறக்குறைய அரை டிகிரி அகலமே தெரிகிறது. பிளெண்டரில் 'சன்' விளக்கின் கோணமும் அதற்கேற்ப 0.526 டிகிரி என்றே வரும். கம்பத்தின் நிழல் அடியில் கூர்மையாகவும் நுனியில் கலங்கலாகவும் இருப்பதைத் தெருவில் பார்த்திருப்பீர்கள். மறைக்கும் பொருளுக்கும் நிழல் விழும் இடத்துக்கும் உள்ள தூரத்தைச் சுமார் 108-ஆல் வகுத்தால் அந்தக் கலங்கலின் அகலம் கிடைக்கும். 10 மீட்டர் தூரமானால் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். நீங்கள் செய்யும் மொட்டைமாடிக் காட்சியில் இந்தக் கலங்கல் இல்லாவிட்டால், பார்க்கிறவர் காரணம் சொல்லத் தெரியாமலே முகம் சுளிப்பார்.

வீட்டு பல்பு 9 வாட்தான், பிளெண்டர் விளக்கில் ஏன் 1000?

நல்ல கேள்வி. வீட்டு பல்பில் எழுதியிருப்பது அது இழுக்கும் மின்சாரம். பிளெண்டரில் இருப்பது வெளியே வரும் ஒளியின் ஆற்றல், இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. அதோடு உங்கள் பெட்டி 2 மீட்டர் உயரம், அதாவது ஒரு பீரோ அளவு. விளக்கோ தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்தில். டம்ளரைச் செய்கிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். டம்ளரைப் பீரோ அளவுக்குச் செய்துவிட்டு, வெளிச்சமும் நிழலும் டம்ளருக்கு விழுவதுபோல் விழவில்லையே என்று தேடுவார்கள். பொருளை நிஜ அளவில் செய்யுங்கள். விளக்கைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் நாலு மடங்காகும் என்பதையும் நினைவில் வைத்தால் வாட் எண்ணோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

பொருள் அந்தரத்தில் மிதப்பதுபோல் தெரிகிறதே?

தரையில் வைத்த பொருளுக்கு, அது தரையைத் தொடும் இடத்தில் ஒரு மெல்லிய அடர்ந்த நிழல்கோடு இருக்கும். அது இல்லாவிட்டாலோ விலகியிருந்தாலோ பொருள் மிதக்கும். இதை அழகாக நிரூபித்தவர்கள் டேனியல் கெர்ஸ்டன், பாஸ்கல் மமாசியன், டேவிட் நில் என்ற மூன்று ஆய்வாளர்கள். 1997-ல் அவர்கள் வெளியிட்ட சோதனையில், கணினியில் செய்த ஒரு பெட்டிக்குள் ஒரு பந்து குறுக்காக நகரும். திரையில் பந்து போகும் பாதை எப்போதும் ஒன்றேதான். நிழலின் பாதையை மட்டும் மாற்றினார்கள். நிழல் பந்தோடு ஒட்டிப் போனால், பந்து தரையில் உருண்டு உள்ளே போவதாகத் தெரிந்தது. நிழல் விலகிப் போனால், அதே பந்து காற்றில் எழும்புவதாகத் தெரிந்தது.

இதை நீங்களே செய்யலாம். பெட்டியை 'ஜி', 'இசட்' கொடுத்துத் தரையிலிருந்து அரை மீட்டர் தூக்கிப் படமெடுங்கள், பிறகு தரையில் வைத்து எடுங்கள். பெட்டியை மட்டும் பார்த்தால் இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. நிழல்தான் கதையை மாற்றியிருக்கும். ஏற்கெனவே செய்துவைத்த படத்தில் பொருள் மிதந்தால், தரைக்கும் அதற்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

விளக்கின் திசையைப் பற்றி இரண்டே வரி. கேமராவுக்குப் பின்னாலிருந்து அடித்தால் நிழல் பொருளுக்குப் பின்னால் ஒளிந்து படம் தட்டையாகும், பக்கவாட்டில் கொண்டுபோனால் உருவம் எழும்பும். கீழிருந்து அடித்தால் மேடான இடம் பள்ளமாகத் தெரியும், ஏனென்றால் வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை முடிவு கட்டி வைத்திருக்கிறது.

நிழல் கறுப்பா?

இல்லை, சோதனைக்காகத்தான் சுற்றுப்புறத்தைக் கறுப்பாக்கினோம். வெயில் நேரத்து நிழல், வானத்தின் நீல வெளிச்சத்தில் குளித்துக் கொஞ்சம் நீலமாகவே இருக்கும். மாலையில் வெயில் மஞ்சளாகும்போது அந்த நீலம் இன்னும் தூக்கலாகத் தெரியும். இப்போது 'வேர்ல்டு' நிறத்தை மங்கலான நீலமாக்கி, விளக்கைக் கொஞ்சம் மஞ்சளாக்குங்கள். ஒரு பெட்டியும் தரையும் மட்டும் உள்ள படத்துக்கு ஒரு பொழுது வந்து சேரும்.

விளையாட ஆசைப்பட்டால் சிவப்பு விளக்கு ஒன்று, பச்சை விளக்கு ஒன்று எதிரெதிரே வையுங்கள். சிவப்பு விளக்கின் நிழல் பச்சையாக விழும், பச்சை விளக்கினது சிவப்பாக விழும். இரண்டும் கலந்த தரை மஞ்சள். பச்சை நிழலை எங்கே பார்த்தீர்கள் என்று வீட்டில் கேட்பார்கள்.

நிஜத்தில் முடியாதது ஏதாவது செய்யலாமா?

செய்யலாம், கணினியின் தனிச் சலுகை அது. ஒரு மரத்தை வைத்து, அதன் பண்புகளில் 'ரே விசிபிலிட்டி' என்ற இடத்தில் 'கேமரா' டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். மரம் மறைந்துவிடும், இலை நிழல் மட்டும் சுவரில் விழும். படத்துக்கு வெளியே ஒரு தோட்டம் இருப்பதாகப் பார்க்கிறவர் தானே நினைத்துக்கொள்வார்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, மேசைமேல் ஒரு தீப்பெட்டியை வைத்து, ஒரு போனின் டார்ச்சைப் பக்கத்தில் நிறுத்தி, இன்னொரு போனில் படமெடுங்கள். டார்ச் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். அதையே பிளெண்டரில் அதே அளவில் செய்யுங்கள். டார்ச்சின் வெளிச்சப் புள்ளி சில மில்லிமீட்டரே என்பதால் ரேடியஸ் 0.002 போதும். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் செய்தபோது நிழலின் வடிவம் சரியாகவே வந்தது. ஆனால் நிஜத் தீப்பெட்டியில் வெளிச்சம் நேராகப் படாத பக்கத்தில், அடியோரமாக ஒரு பழுப்பு வெளிச்சம் இருந்தது. என் படத்தில் அது இல்லை. அரை மணி நேரம் விளக்கையே மாற்றிக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது, அது தேக்கு மேசையிலிருந்து எழும்பிய வெளிச்சம். என் தரை வெள்ளையாகவே இருந்தது.