உருவத்தின் ஓரம்

நடனமாடும் பெண்ணொருத்தியின் முப்பரிமாண உருவத்தைக் கணினியில் செய்து, ரெண்டர் போட்டு, அதாவது கணினியையே அதைப் படமாக வரையச் செய்து, எடுத்தாயிற்று. அவளுக்குப் பின்னால் வெறும் கறுப்பு. இனி அவளைக் கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கறுப்பை நீக்கினால் போதும் என்று தோன்றும். ஆனால் கூந்தலும் கறுப்பு, கண்மணியும் கறுப்பு. நிறத்தை வைத்து வெட்டினால் கண்ணில் ஓட்டை விழும். ஆகவே நிறத்தோடு தொடர்பில்லாத இன்னொரு படம் தேவைப்படுகிறது. உருவம் உள்ள இடமெல்லாம் வெள்ளை, இல்லாத இடமெல்லாம் கறுப்பு. இந்தத் துணைப்படத்துக்குத்தான் மாஸ்க் என்று பெயர். மேட் என்றும் சொல்வார்கள்.

சினிமாக்காரர்கள் இதற்காகப் படாத பாடு பட்டிருக்கிறார்கள். நகரும் உருவத்தின் நிழலுருவைப் பிலிமிலேயே அச்செடுக்கும் முறைக்கு ஃபிராங்க் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க ஒளிப்பதிவாளர் 1918இல் காப்புரிமை பெற்றார். 1964இல் வந்த ‘மேரி பாப்பின்ஸ்’ படத்தில் நடிகர்களுக்குப் பின்னால் இருந்த திரைக்குச் சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி பாய்ச்சினார்கள். கேமராவுக்குள் இருந்த பட்டகம் அந்த மஞ்சளை மட்டும் பிரித்துத் தனிப் பிலிமில் விழச் செய்தது. நடிகரும் அவருக்கான மாஸ்க்கும் ஒரே நொடியில் பதிவாயின. தொப்பியின் மெல்லிய வலைத்துணிகூட அதில் பிசிறில்லாமல் வந்தது.

ரெண்டர் செய்த உருவத்துக்கு இவ்வளவு பாடு வேண்டாம். எந்தப் பிக்சலில் உருவம் இருக்கிறது என்பது அதை வரைந்த கணினிக்கே தெரியும். தெரிந்ததை எழுதி வைக்கச் சொன்னால் போதும். 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய எட் கேட்மலும் ஆல்வி ரே ஸ்மித்தும் செய்தது இதைத்தான். ஓர் உருவத்தை ரெண்டர் செய்ய அன்று வெகுநேரம் பிடிக்கும். பின்னணியை மாற்றும்போதெல்லாம் முழுவதையும் மறுபடி ரெண்டர் செய்வது கட்டுப்படியாகாது. எனவே சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு நான்காவதாக ஓர் எண்ணையும் பிக்சலுக்குள் சேர்த்து வைத்தார்கள். அதற்கு ஆல்ஃபா என்று பெயரிட்டார்கள்.

அந்த நான்காவது எண் சொல்வது உண்டு, இல்லை என்ற பதிலை அல்ல, பங்கை. இந்தத் தொழிலின் நுட்பம் முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். பெண்ணின் தோள் முடியும் இடத்தில் ஒரு பிக்சலை எடுத்துக்கொள்வோம். அதில் 40 சதவீதம் தோள், மீதி வெற்றிடம். உண்டு, இல்லை என்று மட்டும் குறித்தால் தோளின் ஓரம் படிக்கட்டுபோல உடைந்து தெரியும். 0.4 என்று குறித்தால் ஓரம் மென்மையாகப் பின்னணியில் கலக்கும்.

தொடக்கக்காரர்களின் படங்களில் உருவத்தைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடும். காரணம் ஒரு கணக்குப் பிழை. தோளின் சிவப்பு 200 என்றால், கறுப்புப் பின்னணியில் ரெண்டர் ஆகும்போது அந்த ஓரப் பிக்சலில் 80தான் பதிவாகும். 200இல் 40 சதவீதம். பங்கு ஏற்கெனவே பெருக்கப்பட்டுவிட்டது. கடற்கரைப் படத்தின் சிவப்பு 50 என்றால் அதில் 60 சதவீதமான 30ஐக் கூட்டினால் போதும். சரியான விடை 110. இதை அறியாமல் 80ஐ மறுபடியும் 0.4ஆல் பெருக்கினால் 32 ஆகிவிடும், கூட்டுத்தொகை 62. இருண்ட கோடு இப்படித்தான் பிறக்கிறது. வெள்ளைப் பின்னணியில் ரெண்டர் செய்து வெட்டினால், ஓரப் பிக்சல்களில் கலந்த வெள்ளை உருவத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கோப்பு வகையையும் கவனிக்க வேண்டும். பிஎன்ஜி பெருக்காத நிறத்தைச் சேமிக்கிறது. ஓப்பன்இஎக்ஸ்ஆரில் பெருக்கிய நிறத்தை வைப்பது மரபு. ஜேபெக்கில் ஆல்ஃபாவுக்கு இடமே கிடையாது.

இந்தக் கணக்கை முறைப்படுத்தியவர்கள் லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும். 1984இல் வெளியான அவர்களது கட்டுரை, இரண்டு படங்களை ஒன்றோடொன்று சேர்ப்பதற்கான 12 வழிகளை வகுத்துக் காட்டியது. கேட்மல், ஸ்மித், போர்ட்டர், டஃப் நால்வருக்கும் 1996இல் ஆஸ்கர் அகாடமி தொழில்நுட்ப விருது வழங்கியது.

கூந்தல்தான் இன்றும் கடினம். ஒரே பிக்சலுக்குள் பல மயிரிழைகளும் காதணியின் விளிம்பும் கன்னமும் சேர்ந்து கிடக்கும். காதணியின் நிறத்தை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் ஒற்றை ஆல்ஃபா உதவாது. சையாப் நிறுவனத்தின் ஜோனா ஃபிரீட்மேனும் ஆண்ட்ரூ ஜோன்ஸும் 2015இல் வெளியிட்ட கிரிப்டோமேட் என்ற முறை இதற்கு வழி செய்தது. ஒவ்வொரு பொருளின் பெயரையும் ஓர் எண்ணாக்கி, இந்தப் பிக்சலில் எந்தெந்தப் பொருளுக்கு எத்தனை பங்கு என்று அது பட்டியலிட்டு வைக்கிறது. பிறகு காதணியைத் தொட்டால் அதன் மாஸ்க் உடனே கிடைக்கும். இலவச மென்பொருளான பிளெண்டரிலும் இது உண்டு. கேமராவில் எடுத்த நடிகருக்கு இந்த வசதி இல்லை. சென்னையிலும் ஹைதராபாத்திலும் ரோட்டோ கலைஞர்கள் ஃபிரேம் ஃபிரேமாகக் கோடு போட்டு அவரை வெட்டி எடுக்கிறார்கள்.

ஆல்ஃபாவுக்கும் எல்லை உண்டு. கண்ணாடிக் குவளை தன் பின்னால் இருப்பதை வளைத்துக் காட்டும். அந்த வளைவை ஒற்றை எண்ணில் அடக்க முடியாது. காலடியில் விழும் நிழலும் உருவத்தின் மாஸ்க்கில் வராது, அதைத் தனியாக ரெண்டர் செய்ய வேண்டும். இரண்டு உருவங்கள் தோளோடு தோள் உரசி நின்றால் இன்னொரு சிக்கல். ஒரு பிக்சலில் இருவருக்கும் பாதிப் பாதி. இருவரும் சேர்ந்து அதை முழுவதும் மறைக்கிறார்கள். ஆனால் ஒருவர்மேல் ஒருவரை வைக்கும் வழக்கமான சூத்திரம், முதலாமவர் விட்ட பாதியில் பாதியை மட்டுமே இரண்டாமவருக்குத் தரும். மொத்தம் 75 சதவீதம். மீதி 25 வழியாகப் பின்னால் இருக்கும் கடல் ஒரு கீற்றாக எட்டிப் பார்க்கும். ஒரே காட்சியிலிருந்து பிரித்தெடுத்த இரு பாகங்கள் என்று தெரிந்தால், அங்கே ஒன்றின்மேல் ஒன்றை வைக்காமல் இரண்டையும் நேராகக் கூட்டிவிட வேண்டும். கீற்று மறைந்துவிடும்.