ஒட்டகம் காட்டிக் கொடுத்த சொல்

'செரண்டிபிட்டஸ்லி' என்ற ஆங்கிலச் சொல், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளின் வாயில் இலேசில் நுழையாது. பொருள் கேட்டால் 'அதிர்ஷ்டவசமாக' என்று சொல்லிவிடுகிறோம். அது பாதிப் பொருள்தான்.

சொல்லின் வேர் நம் தீவின் பழைய பெயர். அரபு வணிகர் இலங்கையைச் 'சரந்தீப்' என்றனர். சிங்களத்வீபம் அப்படித் திரிந்தது என்பர் அறிஞர். ('சேரன் தீவு' என்று பிரிப்போரும் உண்டு. அது ஆசை.) கொழும்பில் ஒரு மா ஆலைக்கும் ஹோட்டல் கம்பனிக்கும்கூட இன்று செரண்டிப் என்றுதான் பெயர்.

1754 ஜனவரி 28 அன்று ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். வெனிஸ் குடும்பமொன்றின் இலச்சினையைப் பழைய நூலொன்றில் எதிர்பாராமல் கண்ட மகிழ்ச்சி அவருக்கு. அதைச் சொல்ல, செரண்டிப்பின் மூன்று இளவரசர் கதையை வைத்து 'செரண்டிபிட்டி' என்று புதுச்சொல் கட்டினார். அந்தக் கதை 1557இல் வெனிஸில் இத்தாலிய மொழியில் அச்சானது. வால்போலுக்கு அது அசட்டுக் கதைதான். அதில் இளவரசர்கள் பார்க்காமலே விவரிக்கும் ஒட்டகத்தைக் கோவேறு கழுதை என்று மாற்றி எழுதியும் விட்டார்!

அந்த ஒட்டகம் தமிழிலும் உண்டு. அளகேசன் கதையில், காணாமற்போன ஒட்டகத்தை நால்வர் பார்க்காமலே விவரிக்கிறார்கள். வழியின் ஒரு பக்கத்து இலை மட்டும் மேயப்பட்டிருந்தது: அதற்கு ஒரு கண் குருடு. ஒரு காற்சுவடு மங்கல்: நொண்டி. மண்ணில் இரத்தத் துளிகள்: கடிக்கும் கொசுவை விரட்ட முடியாத குட்டை வால். முன்கால் ஆழமாயும் பின்கால் பட்டும் படாமலும் பதிந்திருந்தன: வயிற்றுவலி. திருடர் என்று பிடித்து வந்தவர்களை அரசன் மந்திரிகளாக்கினான். பண்டித நடேச சாஸ்திரி இதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலமாக்கினார்.

சுவடு கண்ணில் பட்டது தற்செயல். அதைப் படித்தது மதிநுட்பம். வால்போல் இரண்டையும் சேர்த்தே சொன்னார். நாம்தான் இரண்டாவதைக் கைவிட்டோம். 1928இல் பூஞ்சணம் படிந்த தட்டைக் கழுவி வைக்காமல், பூஞ்சணத்தைச் சுற்றி ஏன் கிருமி வளரவில்லை என்று பார்த்தாரே அலெக்ஸாண்டர் பிளெமிங், அவர் பெனிசிலினைக் கண்டது செரண்டிபிட்டஸ்லி. லொத்தர் விழுந்தவருக்கு இந்தச் சொல்லைக் கொடுக்காதீர்கள். அவருக்கு அதிர்ஷ்டம் என்ற சொல்லே போதும்.