தீவகத்துச் சிலந்திகள்

திருவானைக்காவிலே வெண்ணாவல் மரத்தின்கீழ் இருந்த இலிங்கத்தின்மீது சருகு உதிராதபடி சிலந்தியொன்று தன் வாய்நூலாற் பந்தரிட்டது என்றும், அப்பந்தரைத் தூய்மையற்றதெனக் கருதிய யானை அதனை அழித்தது என்றும், அச்சிலந்தியே மறுபிறப்பிற் கோச்செங்கட் சோழராய்த் தோன்றியது என்றும் பெரியபுராணம் கூறும். சீகாளத்தி என்னும் தலப்பெயரிலும் சிலந்தி, பாம்பு, யானை என்னும் மூன்றும் அடங்கியுள்ளன என்பர். சங்கச் சான்றோர் இவ்வுயிரைச் சிலம்பி என வழங்கினர். தமிழர் இதனைப் பண்டே கூர்ந்து நோக்கியுள்ளனர் என்பதற்கு இவை சான்றாகும்.

ஆனைக்காக் கதையில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒரே வலைதான் யானைக்குக் குப்பையாகவும் சிலந்திக்குப் பந்தராகவும் தோன்றியது. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவகத்து ஊர்களில் இன்று ஒட்டறை அடிக்கும் கோல் அந்த யானையின் தொழிலையே செய்கின்றது. கோலை ஓங்குமுன் சிறிது நின்று நோக்குவார்க்கு முற்றத்திலும் வேலியிலும் ஓர் உயிர்நூற் பள்ளி திறந்து கிடக்கின்றது.

சிலந்தியின் இயல்பு

எட்டுக்காற் பூச்சி என்று வழங்கினும் சிலந்தி பூச்சியன்று. பூச்சிக்குக் கால் ஆறு. உடலின் பகுதி மூன்று. சிலந்திக்குக் கால் எட்டு, உடற்பகுதி இரண்டு. அதற்குச் சிறகுமில்லை, உணர்கொம்புமில்லை. எல்லாச் சிலந்திகளும் நூல் நூற்கும். ஆயினும் எல்லாம் வலை பின்னுவனவல்ல. நிலத்தில் ஓடி வேட்டையாடுவனவும், பாய்ந்து பற்றுவனவும், பூவில் மறைந்திருந்து கவ்வுவனவும் பல. உலகில் அறியப்பட்ட சிலந்தியினங்களின் தொகை 2022ஆம் ஆண்டில் 50,000ஐக் கடந்தது. பெரும்பாலானவற்றுக்கு நஞ்சு உண்டெனினும், அது சிறு பூச்சியை அடக்குமளவினதே. மனிதனின் தோலைத் துளைத்துத் தீங்கு விளைக்க வல்லவை மிகச் சில. சிலந்தி என்னுஞ் சொல் ஒருவகைப் புண்ணுக்கும் பெயராயிருத்தலால், தோலில் எழும் கொப்புளமெல்லாம் இவ்வுயிரின் செயலே என்று கருதுவாருமுளர். அது பெயரொற்றுமையால் வளர்ந்த அச்சமேயன்றிப் பிறிதன்று.

கடல் கடந்த வழி

சிறகில்லாத சிலந்தி கடல் சூழ்ந்த தீவை அடைந்தது எவ்வாறு? குஞ்சுச் சிலந்தி ஒரு புல்நுனியில் ஏறி, வயிற்றை மேலே உயர்த்தி, மெல்லிய நூலை வெளிவிடும். காற்று அந்நூலை ஏந்த, நூல் சிலந்தியை ஏந்தும். வளியில் இயல்பாக உள்ள மின்புலமும் இதற்குத் துணைசெய்யும் என்பதைப் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2018இல் காட்டினர். சாள்ஸ் டார்வின் 1832இல் தென்னமெரிக்கக் கரைக்கு 60 மைல் தொலைவிலே, தாம் சென்ற கப்பலின் கயிறுகளில் இவ்வாறு வந்திறங்கிய சிலந்திகளைக் கண்டார். 1883இல் எரிமலை வெடித்து உயிரற்றுப்போன கிரக்கத்தோவாத் தீவிற்கு மறு ஆண்டு சென்ற ஆய்வாளர் கண்ட உயிர் ஒன்றே ஒன்று. அது வலை பின்னத் தொடங்கியிருந்த ஒரு சிறு சிலந்தி. சோளகமும் வாடையும் மாறி மாறி வீசும் தீவகத்திற்கு இவ்வான்வழி எக்காலத்தும் திறந்ததே. வீட்டுச் சுவரில் உலாவும் பெரிய வேட்டைச் சிலந்தியோ கப்பற் சரக்கோடு வெப்பநாடுகள் எங்கும் பரவியது; பழந்துறையாகிய ஊர்காவற்றுறைக்கு அவ்வழியும் பொருந்தும்.

தேடும் இடமும் காலமும்

வீட்டினுள் முதலிற் பார்க்கவேண்டிய இடம் கூரை மூலை. நூல்போன்ற நீண்ட கால்களுடன் தலைகீழாகத் தொங்கி, தொட்டவுடன் உடலைக் குலுக்கும் சிலந்தி அங்கே இருக்கும். பெண் சிலந்தி தன் முட்டைத் திரளை வாயாற் கவ்வியபடி காக்கும். இவ்வகையைச் சேர்ந்த ஓரினம் டெங்கு நோயைப் பரப்பும் நுளம்புகளைப் பிடித்துண்பதைத் தாய்லாந்தில் ஆராய்ந்தறிந்துள்ளனர். அடுக்களைச் சுவரிலும் யன்னற் சட்டத்திலும் குறுகிய கால்களையும் பெரிய முன்கண்களையும் உடைய பாயுஞ் சிலந்தி பகலிலே ஈயைத் துரத்தும். இரவில் வெளிவரும் வேட்டைச் சிலந்தி கரப்பானை உண்ணும். அதன் பெண் வெண்ணிறத் தட்டுப்போன்ற முட்டைப்பையை வயிற்றின்கீழ்த் தாங்கித் திரியும்.

வெளியிலே கிடுகு வேலி, பனையின் கங்குமட்டை இடுக்கு, கிணற்றடி, வாழையிலையின் மறைவு ஆகியவை நல்ல இடங்கள். நெடுந்தீவில் சாந்தின்றிப் பவளப்பாறைக் கற்களை அடுக்கி எழுப்பிய மதில்களின் இடைவெளிகள் சிலந்திகள் ஒதுங்குதற்கு ஏற்றவை. செடிகளிடையே வட்டவலையின் நடுவில் வெண்ணிறக் குறுக்குக்கோடு இட்டு, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அமர்ந்திருப்பது தோட்டச் சிலந்தி. அக்கோடு இரையை ஈர்ப்பதற்கென்பர் சிலர். பறவையை விலக்குதற்கென்பர் வேறு சிலர். மாமரத்தில் முசுறு ஊர்ந்து செல்லும் கிளையைக் கூர்ந்து நோக்கினால், ஓர் எறும்பு மாத்திரம் திடீரென நூலில் இறங்குதலைக் காணலாம். அது எறும்பன்று, முன்னிரு கால்களையும் உணர்கொம்புபோல உயர்த்தி முசுறாக நடிக்கும் சிலந்தி. வறண்ட நிலத்து முட்புதர்களில் ஒட்டறைப் பொதிபோலத் தோன்றும் கூட்டில் நூற்றுக்கணக்காக ஒன்றுகூடி வாழும் இனமும் ஒன்றுண்டு. அதன் அறிவியற் பெயர், 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் உயிரினங்களைத் திரட்டிய சராசின் என்னும் சுவிற்சர்லாந்து அறிஞர் இருவரைச் சுட்டுவது.

மாரிகாலத்து வைகறையே தேடலுக்குச் சிறந்த பொழுது. பனித்துளி தங்கிய வலை தொலைவிலேயே புலப்படும். பனியில்லாத நாளில் நுண்டுளியாக நீர் தெளித்தாலும் வலை விளங்கும். இரவில் மின்சூளை நெற்றியருகே பிடித்து நிலத்தை நோக்கின், புல்லிடையே பச்சைமணி போன்ற ஒளிப்பொறிகள் தோன்றும். அவை நிலத்திலோடும் ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள். குஞ்சுகளை முதுகிற் சுமந்த தாய் எதிர்ப்பட்டால் ஒரு புள்ளியருகே பல புள்ளிகள் மின்னும்.

பிடிக்கும் முறை

விரலாற் பற்றுதல் ஆகாது. காலைப் பிடித்தால் சிலந்தி காலைக் கழற்றிவிட்டு ஓடும். சுவரில் இருப்பதன்மேல் அகன்ற வாயுள்ள கண்ணாடிப் போத்தலைக் கவிழ்த்து, தடித்த அட்டையொன்றை இடையே மெல்லச் செருகுதல் போதும். செடியில் உள்ளதாயின், கீழே வெள்ளைத்துணியை விரித்துக் கிளையைக் கோலால் தட்டலாம். விழுந்தவற்றைச் சிறு தூரிகையாற் போத்தலுள் செலுத்துக. கல்லைப் புரட்டிப் பார்த்தவர் அதனை முன்போல வைத்தல் கடமை. அக்கல்லே பல உயிர்களுக்குக் கூரை. கல்லிடுக்கிலும் பொந்திலும் கையை விடுதல் பாம்பு, தேள் காரணமாகவும் தவிர்க்கத்தக்கது.

வைத்துப் பேணும் முறை

ஒரு போத்தலில் ஒரு சிலந்தியையே வைத்தல் வேண்டும். இரண்டாயின் ஒன்று மற்றொன்றை உண்ணும். வாயை மெல்லிய துணியாற் கட்டி, உள்ளே ஏறித் தங்க ஒரு சுள்ளியும், நீர் தோய்ந்த சிறு பஞ்சும் இடுக. நேர்வெயில் படலாகாது. எறும்பு அணுகாதபடி போத்தலை நீர்த்தட்டின் நடுவில் உயர்த்தி வைக்கலாம். வாரத்தில் இருமுறை உயிருள்ள ஈயோ சிறு விட்டிலோ போதுமானது. இரை சிலந்தியின் உடலிற் பெரிதாதல் கூடாது. கிருமிநாசினி தெளித்த வெங்காயப் பாத்தியிற் பிடித்த பூச்சியைக் கொடுத்தால் சிலந்தியும் மடியும். உண்ண மறுத்துத் தலைகீழாகத் தொங்குமாயின் அது நோயன்று, தோலுரிக்கும் பருவம். அப்போது இரையை எடுத்துவிட்டு அசையாது விடுதல் வேண்டும். இழந்த கால் இளஞ்சிலந்திக்குத் தோலுரிக்குந்தோறும் மீள வளர்வதை இக்காலத்திற் காணலாம்.

வட்டவலைச் சிலந்தியைப் போத்தலில் அடைத்தல் பயனற்றது. அதற்கு வலை விரிக்க இடம் வேண்டும். அதனை வேலியிலேயே விட்டு நாள்தோறும் சென்று காண்பதே வளர்ப்பு. கண்ட நாள், இடம், செடி, வலையின் வடிவு, உண்ட இரை என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதிச் சித்திரமும் வரைந்துகொள்ளும் மாணவன் விலங்கியலின் முதற்பாடத்தைத் தானே கற்றவனாவான். சில வாரங்களின் பின் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுதல் முறை.

பிடிக்கத் தகாதவை

மரப்பொந்தில் வாழும் மயிரடர்ந்த பெருஞ்சிலந்திகள் இவ்வகையிற் சேர்த்தெண்ணத்தக்கன அல்ல. அவற்றின் கடி கடும் வலியையும் தசைப்பிடிப்பையும் உண்டாக்கும். அவை அருகியும் வருகின்றன. 2009இல் மாங்குளப் பகுதியில் ஊரவர் அடித்துக் கொன்ற ஒரு சிலந்தி ஆய்வாளர் கைக்குச் சென்றது. தேடிச் சென்றோர் கைவிடப்பட்ட வைத்தியர் விடுதியிலும் அவ்வினத்தைக் கண்டனர். கால்விரிவு ஏறக்குறைய 8 அங்குலம் உள்ள அது 2012இல் புதிய இனமென விவரிக்கப்பட்டது. இராமேசுவரத்து அனுமார் கோயிற் சூழலின் பெயரை ஏற்று 2004இல் விவரிக்கப்பட்ட மற்றோரினம் பின்னர் மன்னாரிலும் காணப்பட்டது. அஃது அழிவின் விளிம்பில் நிற்பதாகக் கணிக்கப்பட்டுள்ளது. செல்லப்பிராணி வாணிகத்துக்காக இவை களவாகப் பிடிக்கப்படுதல் கண்டு, இக்குலம் முழுவதையும் 2019இல் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தனர். இவற்றைக் கண்டால் தொடாது விலகி நின்று படம் எடுத்து, பல்கலைக்கழக விலங்கியல் துறையினர்க்கு அறிவித்தலே தக்கது.

மாங்குளத்துச் செய்தி உணர்த்துவது யாது? அறிவுலகம் அதுகாறும் அறியாத ஓருயிர் மக்கள் நடமாடும் இடத்தருகே வாழ்ந்தது. முதலிற் கிடைத்ததோ அதன் பிணமே. கிடுகு வேலி நின்ற இடத்தில் சீமெந்து மதில் எழும்போதும், பனை வீழும்போதும், மருந்து தெளிக்கும்போதும் பெயரறியாது மறைவன எத்துணையோ! அவற்றைக் காண விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு போத்தலும், ஓர் அட்டையும், ஒரு குறிப்பேடும், பொறுமையும் போதும். யானை குப்பையெனக் கண்டதைப் பந்தரெனக் காணுங் கண்ணே கல்வியின் பயன். அக்கண் பெற்ற மாணவன் ஒட்டறைக் கோலை எடுக்குமுன் மூலையை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பான்.