சிரைக்குள் வளரும் சிறுநீரகக் கட்டி

சிறுநீரகப் புற்றுநோய்க்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. கட்டி சிறுநீரகச் சிரைக்குள் புகுந்து, ரத்தம் ஓடும் திசையிலேயே வளர்ந்து, உடலின் கீழ்ப்பாதி ரத்தத்தையெல்லாம் இதயத்துக்குக் கொண்டுசெல்லும் கீழ்ப்பெருஞ்சிரையை எட்டிவிடக்கூடும். சிலருக்கு வால்போல் நீளும் அந்தக் கட்டி கல்லீரலின் பின்புறமாக ஏறி, உதரவிதானத்தையும் தாண்டி, இதயத்தின் வலது மேலறைக்குள்ளேயே போய்விடுகிறது. சிறுநீரகப் புற்றுநோய் வந்தவர்களில் 100க்கு 4 முதல் 10 பேருக்குக் கட்டி பெருஞ்சிரைவரை வருகிறது. வலது சிறுநீரகத்தின் சிரை குட்டையானது என்பதால் அந்தப் பக்கம் இது அதிகம்.

சிறுநீரில் ரத்தம், இரு கால்களிலும் வீக்கம் ஆகியவை அறிகுறிகள். ஆண்களுக்கு வலது விரைப்பையில் சிரை புடைத்து, படுத்தாலும் அது வடியாவிட்டால் தள்ளிப்போடாமல் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும்.

இதயம்வரை போய்விட்டது என்றதும் குடும்பம் நம்பிக்கையை விட்டுவிடும். விட வேண்டியதில்லை. பெரும்பாலும் அந்த வால் சிரைச் சுவரில் ஒட்டாமல் ரத்தத்தில் மிதந்துகொண்டுதான் இருக்கும், உருவி எடுத்துவிடலாம். வேறு உறுப்புகளுக்குப் பரவாதிருந்தால், அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 5 ஆண்டுகளைக் கடக்கிறார்கள்.

ஆனால் உருவும்போது ஒரு துணுக்கு உடைந்தாலும் அது நுரையீரல் தமனியை அடைத்து, மேசையிலேயே உயிரைப் பறிக்கலாம். அதனால் முதலில் சிறுநீரகத்துக்கு வரும் தமனியைக் கட்டுவார்கள். உணவுக்குழாய் வழியே இறக்கிய எக்கோ கருவி, வாலின் நுனியைத் திரையில் காட்டிக்கொண்டே இருக்கும். பெருஞ்சிரையைக் கட்டிக்குக் கீழே ஒரு கிளாம்ப், மறுசிறுநீரகத்தின் சிரையில் ஒன்று, நுனிக்கு மேலே ஒன்று எனப் பிடித்து அடைத்தபின் சிரையைக் கீறி, வாலைச் சிறுநீரகத்தோடு சேர்த்து முழுசாக வெளியே எடுத்துத் தைப்பார்கள்.

நுனி கல்லீரலுக்குப் பின்னால் இருந்தால், கல்லீரல் மாற்று அறுவையில் பழகிய முறைப்படி கல்லீரலையே பெயர்த்துப் புரட்ட வேண்டும். இதயத்துக்குள் என்றால் இதய அறுவை நிபுணரும் இதய-நுரையீரல் இயந்திரமும் தேவை. சில சமயம் உடலை 18 டிகிரி செல்சியஸ்வரை குளிர்வித்து, ரத்த ஓட்டத்தையே சற்று நேரம் நிறுத்துவார்கள். ரத்தமில்லாத சிரைக்குள் துணுக்கு ஏதும் மிச்சமிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

கட்டி சுவரையே துளைத்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டி ஒட்டுப் போடுகிறார்கள். பெருஞ்சிரை பல மாதங்களாக அடைபட்டிருந்தால் முதுகுப்புறச் சிறு சிரைகள் விரிந்து மாற்றுப் பாதை அமைத்திருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு அந்தத் துண்டை ஒட்டுக்கூடப் போடாமல் அகற்றிவிட முடிகிறது.